எல்லையில் நின்ற காசு

எங்கள் ஊர் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் இரண்டு பொருள்கள் அருகருகே கிடந்தன. ஒன்று, வாழைமரம் அச்சிட்ட பத்து டாலர் நோட்டுகள் அடங்கிய கட்டு. மற்றொன்று, நான்கு மூலைகளும் மழுங்கிய ஒரு வெண்கலச் சதுரக் காசு. மலாயா நாட்டின் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்த என் பாட்டனார், 1946-ஆம் ஆண்டில் கப்பலேறி ஊர் திரும்பியபோது உடன் கொண்டுவந்தவை அவை. நோட்டுக் கட்டு, ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில் அவர் பெற்ற கூலி. 1945-இல் போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பி வந்ததும், அந்த நோட்டுகள் செல்லாதவை என்று அறிவித்துவிட்டனர். சதுரக் காசோ, போருக்கு முன்னரே மலாயாவில் வழங்கிய ஒரு சென்ட். அதன் ஒரு புறத்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று பாட்டி அந்தச் சதுரக் காசைப் புளியிட்டுத் துலக்கிப் படத்தின் முன் வைப்பார். நோட்டுக் கட்டை மட்டும் வெளியே எடுக்கமாட்டார். சிறுவனாக இருந்த நான் ஒருநாள், "தாத்தா, இவற்றைப் பாங்கியில் கொடுத்தால் பணம் தருவார்களா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நோட்டுக்கு வாக்குக் கொடுத்தவன் ஓடிப்போய்விட்டான். காசுக்கு வாக்குக் கொடுத்தவன் கடலுக்கு அப்பால் இருந்துவிட்டான்" என்றார். அந்த விடையின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

பணியின் பொருட்டு டில்லியில் குடியேறிய பின், 2018-ஆம் ஆண்டில் உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகச் சிங்கப்பூர் சென்று வந்தேன். திரும்பியதும், மிஞ்சிய பணத்தை மாற்றிக்கொள்ள ஒரு பாங்கிக்குப் போனேன். அங்கிருந்தவர் நோட்டுகளை வாங்கி எண்ணினார், விலை சொன்னார், ரூபாய் கொடுத்தார். அவற்றோடு நான் வைத்த ஒரு பிடிக் காசுகளை மட்டும், விரல் நுனியால் மெல்ல என் பக்கமே தள்ளிவிட்டார். "காசு வாங்குவதில்லை, சார்" என்பதே அவர் சொன்ன விடை. அவர் மேல் குற்றமில்லை. உலகெங்கும் பெரும்பாலான பாங்கிகளின் வழக்கம் அதுவே. ஆயினும் தாளை ஏற்கும் பாங்கி உலோகத்தை ஏன் மறுக்கிறது என்ற கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. ஈராயிரம் ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், நிலைமை நேர்மாறாக அன்றோ இருந்திருக்கிறது!

பழங்காலத்தில் நாடு விட்டு நாடு சென்றது காசுதான். ரோமாபுரியின் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் தமிழகத்தில் கோயமுத்தூர், கரூர்ப் பகுதிகளில் குவியல் குவியலாகக் கிடைத்துள்ளன. 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் மன்னனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகிறது. அந்த வெட்டு ஏன் என்பதில் அறிஞர்கள் பலவாறு கருதுவர். வெட்டிய பின்னும் அவை பத்திரப்படுத்தப்பட்டன என்பதில் மட்டும் ஐயமில்லை. முகம் சிதைந்தாலும் பொன் பொன்னே. எந்தச் சீசர் அச்சிட்டார் என்று தமிழக வணிகர் கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. நிறை எவ்வளவு, மாற்று என்ன என்று பார்த்தால் போதுமானதாக இருந்தது.

அந்த நிறையையும் மாற்றையும் பார்ப்பதற்கென்றே நம் நாட்டில் ஒரு தொழில் வளர்ந்தது. அதைச் செய்தவர்களைச் சராப்புகள் என்றனர். பதினேழாம் நூற்றாண்டில் பலமுறை இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு இரத்தின வணிகர் தவெர்னியே, சராப்பு இல்லாத ஊர் இந்நாட்டில் மிகச் சிற்றூராகத்தான் இருக்கவேண்டும் என்று வியந்து எழுதியுள்ளார். 1676-இல் வெளிவந்த தம் பயண நூலில், தாம் சென்ற நாடுகளின் நாணயங்களைப் படமாக வரைந்தும் சேர்த்திருக்கிறார். பயணம் செய்துகொண்டே பிறநாட்டு நாணயங்களைக் கண்டு பதிவு செய்தவர்களின் வரிசையில் அவருக்குச் சிறப்பான இடம் உண்டு. சூரத்துத் துறையில் இறங்கிய ஐரோப்பிய வணிகர், தாம் கொண்டுவந்த ஸ்பானிய வெள்ளியைச் சராப்பிடம் விற்கவேண்டும். அல்லது முகலாயர் அக்கசாலையில் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளவேண்டும். சராப்பு உரைகல்லில் தேய்ப்பார், தராசில் நிறுப்பார், தம் வட்டத்தைக் கழித்துக்கொண்டு ரூபாய் எண்ணித் தருவார். எந்த நாட்டுக் காசையும் அவர் புறக்கணித்ததில்லை. அவருடைய பலகையில் அயல்நாட்டுக் காசு என்று ஒன்று இல்லை. நல்ல வெள்ளி, மட்ட வெள்ளி என்ற இரண்டுதான் இருந்தன.

இந்த நிலை இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஒருவாறு நீடித்தது. அதற்கு ஒரு விந்தையான சான்று, மரியா தெரேசா என்ற ஆஸ்திரியப் பேரரசியின் உருவம் பொறித்த வெள்ளித் தாலர். அவர் 1780-இல் மறைந்தார். ஆனால் அவர் காசு மறையவில்லை. செங்கடலின் இரு கரைகளிலும் இருந்த வணிகர், அரசியின் முகத்தையும் 1780 என்ற ஆண்டையும் பார்த்துப் பழகியவர்கள். வேறு காசைத் தொட மறுத்தனர். அவருடைய மார்பணியில் உள்ள முத்துக்களை எண்ணிப் பார்த்தே ஏற்றனர். ஆதலின் அதே ஆண்டைப் பொறித்து அதே காசை வியன்னாவில் தொடர்ந்து அடித்தனர். எத்தியோப்பியப் படையெடுப்பையொட்டி 1935-இல் ரோமிலும், அடுத்த ஆண்டு முதல் லண்டனிலும் அடித்தனர். உலகப் போரின்போது, 1940, 1941 ஆண்டுகளில், நம் பம்பாய் அக்கசாலையிலும் அடித்தனர். இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலான ஓர் ஐரோப்பிய அரசியின் காசை, ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் செலவிட, இந்தியத் தொழிலாளர் வார்த்தனர்! வெள்ளிக்கு நாடு இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

நம்முடைய ரூபாயும் அவ்வாறே கடல் கடந்து உலவியது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் எடையை 180 கிரெய்ன் என்றும், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்றும் வரையறுத்தது. பாரசீக வளைகுடாத் துறைமுகங்களில் அது உள்ளூர்ப் பணமாகவே வழங்கியது. இந்திய விடுதலைக்குப் பின்னும் அங்கே ரூபாய்க் கணக்கு நின்றது. 1959-இல் அப்பகுதிக்கென்றே ரிசர்வ் பாங்கி தனி நோட்டு வெளியிட்டது. 1961-இல் குவைத்தும், 1965-இல் பஹ்ரைனும் தத்தம் தினாருக்கு மாறின. 1966-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும், எஞ்சியவற்றுட் பலவும் விலகிச் சென்றன.

காசின் பயணம் நின்றது எப்போது? அதன் உடலிலிருந்து வெள்ளி நீங்கியபோது. பிரிட்டன் 1920-இல் தன் வெள்ளிக் காசுகளில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. 1947-இல் அறவே நீக்கியது. இந்திய ரூபாயில் 1940-இல் வெள்ளி பாதியாயிற்று. 1947-இல் ரூபாய் நிக்கலாயிற்று. அமெரிக்கா 1965-இல் பத்து சென்ட், கால் டாலர்க் காசுகளிலிருந்து வெள்ளியை விலக்கியது. அன்று முதல் காசு, தன் உடலின் மதிப்பால் அன்றி, அரசின் சொல்லின் மதிப்பால் வாழலாயிற்று. அரசின் சொல்லோ அதன் எல்லையோடு நிற்பது.

தாளும் அரசின் சொல்தானே, அதை மட்டும் எப்படி ஏற்கிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். இங்கேதான் சுமைக் கணக்கு வருகிறது. வெளிநாட்டு நாணயத்தை வாங்கும் பாங்கி, இறுதியில் அதை வெளியிட்ட நாட்டுக்குத் திருப்பி அனுப்பியோ, அங்கு செல்லும் பயணிக்கு விற்றோதான் முதலை மீட்கவேண்டும். பத்து யூரோவை ஒரே நோட்டாக அனுப்பினால் அதன் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அதே பத்து யூரோவை ஒரு சென்ட்டுக் காசுகளாக அனுப்பினால் ஆயிரம் காசு, எடை 2.3 கிலோகிராம். பிரிப்பது, எண்ணுவது, மூட்டை கட்டுவது, விமானத்தில் ஏற்றுவது ஆகிய செலவுகளை யார் ஏற்பது? சராப்புக்கு எடைதான் இலாபம். இன்றைய பாங்கிக்கு எடைதான் நட்டம். டில்லிப் பாங்கியில் என் காசுகளைத் தள்ளிய விரல், இந்த ஒரு நூற்றாண்டு மாற்றத்தைத்தான் எனக்குச் சுட்டிக் காட்டியது.

ஆகவே பிறநாட்டுக் காசு வேண்டுவோர் அந்தந்த நாட்டிற்கே சென்று, அங்குள்ள பாங்கியில் கேட்டுப் பெறுவதே நேர்வழி ஆயிற்று. சிங்கப்பூரில் நானும் அதைச் செய்தேன். காலையில் கூட்டம் சேருமுன் ஒரு பாங்கிக்குச் சென்று, வழக்கில் உள்ள காசுகளில் வகைக்கு ஒன்று தரமுடியுமா என்று கேட்டேன். அங்கிருந்த தமிழ்ப் பெண்மணி தம் இழுப்பறையைத் துழாவிப் பளபளப்பானவற்றைத் தேர்ந்து கொடுத்தார். "இந்தியாவில் இதை மாற்ற முடியாதே, சார்?" என்று இரக்கத்தோடு கேட்டார். "மாற்ற அல்லம்மா, வைத்துக்கொள்ள" என்றேன். காசைத் திருப்பிப் பார்த்தேன். அரசு முத்திரையைச் சுற்றி நான்கு மொழிகளில் நாட்டின் பெயர். அவற்றுள் ஒன்றாக, நம் எழுத்தில், சிங்கப்பூர் என்று பொறித்திருந்தது. 1985-இல் வந்த வரிசையிலும் 2013-இல் வந்த வரிசையிலும் இவ்வாறே உள்ளது. நம் ரூபாய் நோட்டின் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. நம் காசில் இந்தியும் ஆங்கிலமுமே உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, உலோகத்தில் தமிழைக் கண்டது தனி மகிழ்ச்சியாக இருந்தது.

அன்று மாலை கடையொன்றில் மீதியாகக் கிடைத்த சில்லறையில் ஒரு காசு மாறுபட்டிருந்தது. அது புரூணை நாட்டுக் காசு. சுல்தானின் உருவம் பொறித்தது. கடைக்காரரிடம் காட்டினேன். "செல்லும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எல்லையில் நிற்கும் காசுகளுக்கு நடுவே, எல்லை கடக்கும் காசு ஒன்று என் கையில் இருந்தது. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது என் பாட்டனாரின் சதுரக் காசிலிருந்து தொடங்குகிறது.

மலாயா, சிங்கப்பூர், புரூணை, வடபோர்னியோ, சரவாக் ஆகிய பகுதிகளுக்குப் பிரிட்டிஷார் காலத்தின் இறுதியில் பொது நாணயமே வழங்கியது. 1967-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் புரூணையும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. பிரிந்தபோதும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன: மூன்று நாட்டுப் பணத்தையும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பாங்கிகள் ஏற்கவேண்டும், வட்டம் பிடிக்கலாகாது. 1973-ஆம் ஆண்டு மே மாதம் மலேசியா அதிலிருந்து விலகியது. சிங்கப்பூரும் புரூணையும் இன்றும் அந்த வாக்கைக் காத்து வருகின்றன. வெள்ளியால் அன்று நடந்ததை இங்கே வாக்கு நடத்திவைக்கிறது. காசு கடல் கடக்க வேண்டுமானால், அதன் வயிற்றில் வெள்ளி இருக்கவேண்டும். இல்லையேல் இரு அரசுகளுக்கிடையே நம்பிக்கை இருக்கவேண்டும். மூன்றாவது வழி இல்லை.

அந்த வாக்குக்கும் ஆயுள் உண்டு என்பதை ஐரோப்பா நமக்குக் காட்டியது. 2002-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பன்னிரண்டு நாடுகளில் யூரோக் காசும் நோட்டும் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன்னரே, 2001 டிசம்பரில், மக்கள் பழகிக்கொள்ளும் பொருட்டுப் பாங்கிகள் புதுக் காசுகளைச் சிறு பைகளில் இட்டு விற்றன. ஜெர்மனியில் 20 மார்க்குக்கு 20 காசுகள் அடங்கிய பை. பிரான்சில் 100 பிராங்குக்கு 40 காசுகள் அடங்கிய பை. காசு சேர்ப்போருக்கு அது திருவிழாக் காலம். ஒரு புறம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபுறம் நாட்டுக்கு நாடு வேறு. ஆகவே ஜெர்மானியப் பாங்கியில் பெற்ற சில்லறையிலேயே காலப்போக்கில் இத்தாலியும் கிரேக்கமும் வந்து சேர்ந்தன.

ஆனால் பழைய காசுகளின் கதி வேறு. போர்ச்சுகல் தன் பழைய காசுகளை 2002-ஆம் ஆண்டு இறுதி வரையே மாற்றிக்கொடுத்தது. பிரான்சு 2005 பிப்ரவரி 17-ஆம் நாளோடு பிராங்குக் காசுகளுக்குக் கதவை அடைத்தது. ஸ்பெயின் 2021 ஜூன் 30 வரை பொறுத்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தம் மத்திய பாங்கிகளில் மார்க்கையும் ஷில்லிங்கையும் காலவரையறையின்றி ஏற்போம் என்று அறிவித்தன. அண்டை நாடுகள்தாம், ஒரே நாளில் ஒரே நாணயத்துக்கு மாறியவைதாம். எனினும் ஒரு மூதாட்டி உண்டியலில் மறந்துவிட்ட காசு, எல்லைக்கு இந்தப்புறம் இருந்தால் பணம், அந்தப்புறம் இருந்தால் வெறும் உலோகத் துண்டு.

வெளிநாடு செல்லும் நேயர்களில் எவருக்கேனும் இந்த ஆர்வம் பிறக்குமானால், சில நடைமுறைகளைச் சொல்லி வைக்கலாம். பாங்கிகள் காசுகளை எண்ணி உருளையாகச் சுற்றியோ பையில் இட்டோ வைத்திருக்கும். அமெரிக்காவில் ஒரு சென்ட்டு உருளையில் 50 காசு. கால் டாலர் உருளையில் 40 காசு. யூரோ நாடுகளில் ஒரு யூரோ, இரண்டு யூரோ உருளைகளில் 25 காசு. முழு உருளை வேண்டாதவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லி, இழுப்பறைச் சில்லறையில் வகைக்கு ஒன்று கேட்பது நலம். சில பாங்கிகள் கணக்கு வைத்திருப்போருக்கே காசு தரும். சில அதற்குக் கட்டணம் பெறும். மறுத்தால் வருந்த வேண்டா. பேருந்தும் காய்கறிக் கடையும் தரும் சில்லறையே ஒரு பாங்கிதான். கிடைத்த காசை ஒருபோதும் துலக்கலாகாது. எங்கள் பாட்டியின் புளி, ஆறாம் ஜார்ஜின் மூக்கைக் கரைத்துவிட்டது என்பதை அன்போடு நினைவுகூர்கிறேன்.

சட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். அதை அனுமதியின்றி இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகலாகாது. வெளிநாட்டு நோட்டுகளை இங்கு வாழ்வோர் வைத்திருப்பதற்கு, 1999-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் அளவு கட்டியுள்ளன. ஆனால் வெளிநாட்டுக் காசுகளை எவரும் அளவின்றி வைத்திருக்கலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. இதைப் படித்தபோது நான் புன்னகைத்தேன். எல்லை கடந்த காசால் ஆதாயமும் இல்லை, ஆபத்தும் இல்லை என்று சட்டமே கருதுகிறது போலும்! சராப்பின் தராசில் ஏறி உலகாண்ட காசு, இன்று சேர்ப்பவனின் கையில் மட்டுமே மதிப்புப் பெறுகிறது.

வெளிநாடு செல்ல வாய்ப்பில்லாதவர்களும் ஏங்க வேண்டா. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், டில்லியை அடுத்த நொய்டா ஆகிய நான்கு இடங்களிலும் நம் அக்கசாலைகள் உள்ளன. ஆண்டு எண்ணின் கீழே சிறு வைரம் இருந்தால் அக்காசு மும்பை. விண்மீன் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றும் இல்லையேல் கொல்கத்தா. தமிழகத்தை விட்டு எந்த ஊரில் வாழ்ந்தாலும், நம் சட்டைப் பையில் இந்த நான்கு ஊர்களும் கலந்து கிடக்கின்றன. எங்கே பிறந்தது என்று பாராமல் நாடு முழுதும் அவற்றை ஏற்கிறது. வேலை தேடி வேற்று மாநிலம் வந்த நமக்கு, இந்தச் சிறு உண்மை ஆறுதல் தருவதன்றோ?

பாட்டனாரின் தகரப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. சதுரக் காசின் அருகில் சிங்கப்பூர்க் காசுகளையும், அந்தப் புரூணைக் காசையும் வைத்திருக்கிறேன். வாழைமர நோட்டுக் கட்டையும் நான் அகற்றவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சென்ற விடுமுறையில் அதை எடுத்து, "இவ்வளவு பணமும் செல்லாதாப்பா?" என்று கேட்டாள். "செல்லாது. ஆனால் உன் கொள்ளுத் தாத்தா இதற்காக மூன்றரை ஆண்டு உழைத்தது உண்மை" என்றேன். அவள் ஒரு நோட்டை விரித்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தாள்.